பர்மாவுக்கு அழுகிறோம், பக்கத்து லயத்துக்கு ஆவணம் கேட்கிறோம்

கொடகவெல, ரக்வானைப் பக்கத்துச் சொந்தங்களுக்கு இதை எழுதுகிறோம். பதிவு நீளம்தான். வொய்ஸ் மெசேஜில் பதில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, பொறுத்துக்கொண்டு கடைசி வரை வாசியுங்கள்.

இரண்டு வாரமாக நம் ஊர் குரூப்பில் முதலாம் தர அனுமதி பற்றிக் கதை போகிறது. தோட்டத்துப் பிள்ளைகளைச் சேர்ப்பதா, சேர்த்தால் எத்தனை பேர், அவர்களிடம் என்னென்ன ஆவணம் கேட்பது என்று. வகுப்பில் இடம் போதாதே என்று ஒரு தகப்பன் கவலைப்பட்டால் அது நியாயமான கவலை. அதற்குக் கீழே பதில் எழுதியிருக்கிறோம். ஆனால் குரூப்பில் அதிகம் கைதட்டல் விழுந்தது அந்தக் கவலைக்கு அல்ல. "அவங்க இந்தியாவிலிருந்து வந்த ஆக்கள்தானே, முதல்ல ஊர்ப் பிள்ளைகளுக்குக் குடுங்க" என்ற ஒரு வரிக்குத்தான்.

அந்த வரியைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

இதே குரூப்பில் 2017இல் ரோஹிங்யா மக்களுக்காக நாம் எத்தனை படம் பகிர்ந்தோம் என்று மேலே தேடிப் பாருங்கள். பள்ளியில் துஆ கேட்டோம், காசு சேர்த்தோம். அல்ஹம்துலில்லாஹ், நல்ல காரியம். 2019 டிசம்பரில் இந்தியாவில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தபோது டில்லியில் பெண்கள் வீதியில் உட்கார்ந்த வீடியோக்களை இரவிரவாகப் பார்த்தோம். ஒரு அரசாங்கம் தன் மண்ணில் பிறந்தவனைப் பார்த்து "உன் பாட்டன் யார், பத்திரம் எங்கே" என்று கேட்பது எவ்வளவு பெரிய அநியாயம் என்று நமக்கு நன்றாக விளங்கியது.

பர்மாவின் சட்டம் 1982இல் வந்தது. 1823க்கு முன் அந்த மண்ணில் வேர் இருந்த இனங்களுக்குத்தான் முழுக் குடியுரிமை என்று அது சொன்னது. ரோஹிங்யாக்கள் அந்தப் பட்டியலில் இல்லை. இது நம் பிள்ளைகளுக்குக் கூடத் தெரியும். அதற்கு 34 வருடங்களுக்கு முன் நம் சொந்த நாட்டில் அதே மாதிரி ஒரு சட்டம் வந்ததும், நாம் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் தெரிகிற தேயிலை மலையில் இருந்த சனங்களை அது ஒரே நாளில் நாடற்றவர்களாக ஆக்கியதும் எத்தனை பேருக்குத் தெரியும்?

1948 பெப்ரவரி 4 நமக்குச் சுதந்திரம். அதே வருடம் நவம்பர் 15 இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் அமுலுக்கு வந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம். அதுவரை இந்த நாட்டில் எல்லாருமே பிரித்தானியப் பிரஜைகள். வெள்ளைக்காரனின் காலனி, நாமெல்லாம் அவன் குடிகள், அவ்வளவுதான். புதிய சட்டம் சொன்னது இது: அந்தத் தேதிக்கு முன் இலங்கையில் பிறந்தவன் வம்சாவளிப் பிரஜை ஆக வேண்டுமானால் அவனுடைய தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். நீ இங்கே பிறந்தாய் என்பது மட்டும் போதாது. தாய் இங்கே பிறந்தாள் என்பதற்கு அங்கே பெறுமதியே இல்லை. விண்ணப்பித்துப் பதிவாகலாம் என்றும் ஒரு வழி வைத்தார்கள். நாட்டுக்குப் பெரிய சேவை செய்தவர்களுக்கு அமைச்சர் கொடுப்பது, வருடத்துக்கு 25 பேருக்கு மேல் இல்லை. 1946 கணக்கெடுப்பில் இந்தியத் தமிழர் என்று பதியப்பட்டவர்கள் சுமார் 780,000 பேர். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இப்போது இதை நம் வீட்டில் வைத்துப் பார்ப்போம். உங்கள் உப்பாவின் வாப்பா எங்கே பிறந்தார்? "இங்கேதான்" என்று வாயால் சொல்வீர்கள். பத்திரம் எங்கே? 1948இல் உங்கள் குடும்பத்தில் எத்தனை பேரிடம் தகப்பனின் பிறப்புச் சாட்சிப் பத்திரம் பெட்டிக்குள் இருந்திருக்கும்? நம்மிடம் யாரும் கேட்கவில்லை. அதனால் நாம் பிரஜை. கொழுந்து பறிக்கிறவளிடம் கேட்டார்கள். அதனால் அவள் நாடற்றவள். இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் பல இடங்களில் அவ்வளவுதான்.

கேட்காமல் விட்டார்கள் என்று சொன்னதும் முழுக்கச் சரியில்லை. கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம் பக்கமிருந்து வந்து கடை போட்ட இந்தியச் சோனகரும் இதே வலைக்குள் விழுந்தார்கள். அடுத்த வருடம் வந்த சட்டத்தின் பெயரே "இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம்" (1949, இலக்கம் 3). பாகிஸ்தானியர் என்ற சொல் அந்தத் தலைப்பில் சும்மா வரவில்லை. மலைநாட்டுச் சின்ன டவுன்களில் துணிக்கடையும் பலசரக்குக் கடையும் வைத்திருந்த நம்மவர்களில் எத்தனையோ பேர் கடையைப் பூட்டிவிட்டுக் கப்பல் ஏறினார்கள். அவர்களை அன்று "சம்மான்காரர்" என்று சொல்லி நம் சமூகம் தள்ளி வைத்தது. 1915 கலவரத்துக்குப் பிறகே அந்தத் தள்ளிவைப்பு தொடங்கிவிட்டது: அடி வாங்கினதற்குக் காரணம் இந்தியச் சோனகர்தான், நாங்கள் இலங்கைச் சோனகர், நாங்கள் வேறு என்று. அடிக்க வந்தவன் அந்த வித்தியாசத்தைப் பார்த்து அடித்தானா என்ன?

சரி, இந்தச் சட்டம் எப்படி வந்தது? ஒரே இரவில் வந்ததில்லை. பத்து வருடம் பேச்சுவார்த்தை நடந்தது. அந்தப் பேச்சுவார்த்தையைக் கொஞ்சம் விபரமாகப் பார்க்க வேண்டும்.

1931இல் டொனமூர் யாப்பு சர்வசன வாக்குரிமை கொடுத்தபோதே தோட்டத் தொழிலாளிக்கு வாக்குக் கொடுப்பதா என்ற சண்டை இருந்தது. நிரந்தரமாகக் குடியிருப்பவன் என்று காட்டினால்தான் வாக்கு என்று நிபந்தனை போட்டார்கள். 1937இல் கிராமச் சபைச் சட்டத்தைத் திருத்தியபோது தோட்டத்தில் வாழும் தொழிலாளிக்குக் கிராமச் சபைத் தேர்தலில் வாக்கு இல்லாமல் போனது. உள்ளூராட்சிக்குப் பொறுப்பான அமைச்சர் பண்டாரநாயக்க. 1939இல் அரச திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலை செய்த இந்தியர்களை வீட்டுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். நேரு வந்து பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. அந்த வருடம் இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. இந்திய அரசாங்கம் தொழிலாளர் இங்கே வருவதையே நிறுத்தியது.

1940 நவம்பரில் இந்தக் காலனியிலிருந்து ஒரு குழு டில்லிக்குப் போனது. தலைவர் டி.எஸ். சேனநாயக்க. பண்டாரநாயக்கவும் கூடப் போனார். அந்தப் பக்கம் சேர் கிரிஜா சங்கர் பாஜ்பாய் தலைமையில் இந்திய அரசாங்கத்தின் ஆட்கள். இரண்டு பக்கமும் பிரித்தானியக் கொடியின் கீழ் இருந்த அரசாங்கங்கள். ஒரு எஜமானின் இரண்டு காரியாலயங்கள் உட்கார்ந்து ஏழெட்டு லட்சம் மனிதர் யாருக்குச் சொந்தம் என்று கதைத்தன. ஐந்து வருடம் வாழ்ந்து இந்த நாட்டோடு நிரந்தரமாக ஒட்டிவிட்டவனுக்கு முழு உரிமை கொடுங்கள் என்று இந்தியத் தரப்பு கேட்டது. இலங்கைத் தரப்பு ஒத்துக்கொள்ளவில்லை. பேச்சு முறிந்தது. 1941 செப்டெம்பரில் கொழும்பில் மறுபடி உட்கார்ந்தார்கள். இந்த முறை ஓர் உடன்பாட்டு அறிக்கை கூட எழுதினார்கள். இந்தியர்கள் எதிர்த்தார்கள், டில்லி அதை ஏற்கவில்லை. பிறகு யுத்தம்.

இலங்கை அமைச்சர்கள் வைத்த கவலையை நாம் பொய் என்று சொல்லப் போவதில்லை. கண்டிய நாட்டு, சப்ரகமுவ நாட்டுச் சிங்களக் கிராமத்தவனின் காணி போனது உண்மை. மேய்ச்சல் நிலமும் சேனையும் போனது உண்மை. பக்கத்து மலையில் வேறு மொழி பேசுகிற பெரிய கூட்டம் வந்து குடியேறியது, தன் தொகுதியில் தன் வாக்கு சிறுத்துவிடுமோ என்று அவன் பயந்தான், அதுவும் உண்மை. நம் ஊர்ச் சிங்களச் சகோதரர்களிடம் இன்றும் அந்தக் கதை இருக்கிறது. ஆனால் அந்தக் காணியை எடுத்தது யார்? 1840இல் முடிக்குரிய காணிச் சட்டம் கொண்டுவந்து, உறுதி இல்லாத நிலமெல்லாம் அரசுக்குச் சொந்தம் என்று எழுதியது வெள்ளைக்காரன். வாங்கியது தோட்டத் துரை. கங்காணி பின்னால் நடந்து வந்த தொழிலாளிக்கு அந்த மலையில் ஒரு அடி மண் சொந்தமில்லை, அன்றும் இல்லை, இன்றும் பெரும்பாலும் இல்லை. காணியைப் பறித்தவனிடம் கணக்குக் கேட்கத் துணியாதவர்கள் அந்தக் காணியில் கூலிக்கு நின்றவனிடம் கணக்குக் கேட்டார்கள். இந்தப் பேச்சுவார்த்தைகள் முழுவதிலும் இருந்த கோழைத்தனம் அதுதான்.

அந்த உறுதிப் பத்திரக் கதையையும் கவனியுங்கள். 1840இல் சிங்களக் கிராமத்தவனிடம் உறுதி கேட்டான் வெள்ளைக்காரன். 1948இல் தோட்டத் தமிழனிடம் பிறப்புப் பத்திரம் கேட்டது சுதந்திர இலங்கை. இப்போது நாம் கேட்கப் புறப்பட்டிருக்கிறோம்.

நம் சப்ரகமுவ இந்தக் கதையில் ஓரத்தில் இல்லை, நடுவில் இருக்கிறது. கேகாலை மாவட்டத்தில் நேவ்ஸ்மியர் தோட்டத்தைக் கிராம விஸ்தரிப்புக்கு என்று அரசாங்கம் எடுத்தது. அங்கே தலைமுறையாக இருந்த நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு வெளியேறும்படி நோட்டீஸ். போக மாட்டோம் என்றவர்கள் மேல் அத்துமீறி இருப்பதாக வழக்கு. 1946இல் அவர்களுக்காகத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. பிறந்த லயத்தில் இருந்தது அத்துமீறலாம்.

அடுத்த கட்டம் 1947 டிசம்பர் கடைசி, மறுபடி டில்லி. இப்போது நேரு பிரதமர், சேனநாயக்கவும் பிரதமர். வெள்ளைக்காரன் மேசையை விட்டு எழும்பிவிட்டான். எத்தனை வருடம் வாழ்ந்தவனை ஏற்பது என்ற கணக்கில் இழுபறி. கலியாணம் முடித்தவனுக்கு ஏழு வருடம், முடிக்காதவனுக்குப் பத்து வருடம் என்று சேனநாயக்க நின்றார். எல்லாருக்கும் ஒரே அளவாக வையுங்கள் என்று நேரு கேட்டார். கடிதம் போனது, கடிதம் வந்தது. 1948 நடுப்பகுதி வரைக்கும் எழுதிக்கொண்டே இருந்தார்கள். இணக்கம் வரவில்லை. கொழும்பு காத்திருக்கவில்லை, ஆகஸ்டில் சட்டத்தைப் பாராளுமன்றத்துக்குக் கொண்டுவந்தது.

இந்தப் பத்து வருடத்தில் டில்லியிலும் கொழும்பிலும் மேசையில் உட்கார்ந்தவர்களில் ஒரு தோட்டத் தொழிலாளி இருந்தாரா? ஒரு கொழுந்து பறிக்கிற பெண்? நல்லவர்கள் இருந்தார்கள், கெட்டிக்காரர்கள் இருந்தார்கள், ஐ.சி.எஸ். அதிகாரிகள் இருந்தார்கள். யாரைப் பற்றிக் கதைத்தார்களோ அவர்கள் மட்டும் இல்லை.

1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்க இரண்டு வருடம் கொடுத்தார்கள், 1951 ஆகஸ்ட் 5 கடைசி நாள். 1946 ஜனவரி 1க்கு முன் ஏழு வருடமோ பத்து வருடமோ இடைவிடாமல் இங்கே வாழ்ந்ததை எழுத்தில் காட்ட வேண்டும். சுமார் 237,000 விண்ணப்பங்கள், எட்டு லட்சத்துக்கும் அதிகமான ஆட்களுக்காக. பத்துப் பன்னிரண்டு வருடம் இழுத்துக் கடைசியில் ஏற்றது 134,000 பேர் அளவில்தான். தாயின் மையத்துக்கு இந்தியா போய் நீண்ட காலம் தங்கிவிட்டால் "இடைவிடாமல்" உடைந்துவிடும். பெயரில் ஓர் எழுத்துப் பிசகினால் வேறு ஆள். ஆசிரியர்களுக்கு இது நன்றாக விளங்கும். முதலாம் தரப் படிவத்தில் தகப்பன் பெயர் ஒரு மாதிரி, பிறப்புப் பத்திரத்தில் இன்னொரு மாதிரி இருந்தால் இன்றும் என்ன பாடு படுகிறார்கள் என்று வருடா வருடம் பார்க்கிறோம்.

அதே 1949இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தினார்கள். பிரஜை இல்லாதவனுக்கு வாக்கில்லை. 1947 தேர்தலில் மலையகத்திலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரஸ் உறுப்பினர்கள் பாராளுமன்றத்தில் இருந்தார்கள். 1952 தேர்தலில் ஒருவரும் இல்லை. இதிலும் ஒரு சாமர்த்தியம் உண்டு. தொகுதி பிரிக்கும்போது மொத்தச் சனத்தொகையை எண்ணினார்கள், நாடற்றவனையும் சேர்த்து. அவன் தலையை எண்ணி மலைநாட்டுக்கு ஆசனத்தைக் கூட்டினார்கள். வாக்குப் பெட்டி வந்ததும் அவன் ஆளில்லை.

எதிர்த்து வழக்குப் போட்டார்களா என்று கேட்பீர்கள். போட்டார்கள், அதுவும் நம் மாகாணத்திலிருந்துதான். கேகாலை மாவட்டம் ருவன்வெல்ல தொகுதி வாக்காளர் இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கும்படி 1951இல் கோடக்கன் பிள்ளை என்பவர் கேட்டார். பதிவு அதிகாரி முதநாயக்க மறுத்தார். மேலே மீளாய்வு செய்த சிவஞானசுந்தரம் என்ற அதிகாரி துணிந்து ஒரு காரியம் செய்தார். சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு எந்தச் சமூகத்துக்கும் பாரபட்சமான சட்டம் போட முடியாது என்கிறது, அதனால் இந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பு எழுதினார். உயர் நீதிமன்றம் அதைப் புரட்டியது. இலண்டன் பிரிவிக் கவுன்சில் 1953இல் மேன்முறையீட்டைத் தள்ளியது. தன் பிரஜைகள் யார் என்று தீர்மானிப்பது ஒரு நாட்டுச் சட்டமன்றத்தின் இயல்பான வேலை, சட்டத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லையே என்பது அவர்களின் வாதத்தின் சாரம். பெயர் எழுதாமலே ஒரு சமூகத்தை வெட்டலாம் என்பது அன்று சட்டமானது. அரச உத்தியோகத்தில் இருந்த சிவஞானசுந்தரம் மாதிரி ஓர் ஆள் தன் மேசையில் இருந்தபடி இல்லை என்று சொன்னதை நாங்கள் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பாடப் புத்தகத்தில் வருமா வராதா என்று காத்திருக்கத் தேவையில்லை.

நம் தலைவர்கள் அன்று எங்கே நின்றார்கள்? இந்தக் கேள்வியைப் பள்ளிக்குள் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள், ஆனாலும் கேட்க வேண்டும். அந்தச் சட்டம் கொண்டுவந்த அமைச்சரவையில் தொழில் அமைச்சராக இருந்தவர் டி.பி. ஜாயா. கல்விக்கு அவர் செய்ததை யாரும் மறுக்க முடியாது, ஸாஹிராவை மறக்க முடியாது. ஆனால் தொழிலாளருக்கு அமைச்சர், நாட்டின் மிகப் பெரிய தொழிலாளர் கூட்டத்தின் குடியுரிமை பறிபோன நாளில் அந்த நாற்காலியிலேயே இருந்தார். தமிழ்த் தலைவர்களில் ஜி.ஜி. பொன்னம்பலம் அரசாங்கத்தோடு போய்ச் சேர்ந்தார். செல்வநாயகம் பிரிந்து வந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இன்று இவர்களுக்கு நடந்தது நாளை நமக்கும் நடக்கும் என்று சொன்னார். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது.

இன்னொரு பக்கமும் நம்மவர் ஒருவர் நின்றார், அதையும் சொல்லாமல் விடக்கூடாது. அப்துல் அஸீஸ். இலங்கை இந்தியக் காங்கிரஸின் தலைவராக இருந்தவர், பிறகு ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை உண்டாக்கியவர். ஒரு முஸ்லிம், வாழ்நாள் முழுக்கத் தோட்டத் தொழிலாளியோடு நின்றார். மீலாத் விழாப் பேச்சுப் போட்டியில் நம் பிள்ளைகள் அவரைப் பற்றிப் பேசி யாராவது கேட்டிருக்கிறீர்களா?

1964 ஒக்டோபர் 30. சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். சிறிமாவோ நம் மாவட்டத்துப் பெண், இரத்தினபுரியில் பிறந்தவர், பலாங்கொடை ரத்வத்த குடும்பம். தேயிலை மலையைப் பார்த்து வளர்ந்தவர். அந்த மலையில் இருந்தவர்களை 975,000 என்று எண்ணி மேசையில் வைத்தார்கள். 525,000 இந்தியாவுக்கு. 300,000 இலங்கைக்கு. மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம். பத்து வருடம் கழித்து 1974இல் பார்த்தார்கள்: உனக்கு 75,000, எனக்கு 75,000. பாதிக்குப் பாதி! தேயிலைப் பெட்டியைக் கூட இதைவிடக் கவனமாக நிறை பார்த்துப் பிரிப்பார்கள். நேரு இருந்த வரை, அவர்கள் இலங்கையின் ஆட்கள், நாங்கள் ஏற்க முடியாது என்றாவது சொன்னார். அவர் மௌத்தாகி ஐந்து மாதத்தில் டில்லியும் பேரத்துக்கு இறங்கியது. தோட்டத் தொழிலாளர் தரப்பு இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை, பேசிய தரப்பாகவும் இல்லை. இலங்கையிலேயே இருக்க விரும்பி விண்ணப்பித்தவர்கள் ஒதுக்கிய இடத்தை விட மிக அதிகம். "இந்தியாவிலிருந்து வந்த ஆக்கள்" என்கிறீர்களே, கேட்டபோது அவர்கள் இந்த நாட்டைத்தான் கேட்டார்கள்.

தலைமன்னாருக்குப் போன கோச்சிக்கு மலையகத்தில் "அழுகைக் கோச்சி" என்று பெயர். அண்ணன் இந்தியாவுக்கு, தங்கை இலங்கைக்கு என்று ஒரே வீட்டுக்குள் பிரிந்தவர்கள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள். வயதானவர்களிடம் உட்கார்ந்து கேட்டால் சொல்வார்கள்.

போகாமல் இருந்தவர்களுக்கு என்ன ஆனது? நுவரெலியாவில் அவர்கள் பெரும் கூட்டம், அங்கே வாக்கு இருக்கிறது, அமைச்சர்களும் இருந்தார்கள். நம் சப்ரகமுவவில் தோட்டங்கள் கிராமங்களுக்கு நடுவே சின்னச் சின்னத் துண்டு. எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையான காலத்தில் பட்டினி, 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் அடி, 1983இல் மறுபடி அடி. சட்டப்படி நாடற்ற நிலை 1988 சட்டத்தாலும், கடைசியாக 2003இன் 35ஆம் இலக்கச் சட்டத்தாலும் தீர்ந்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே வாழ்ந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் பிரஜைகள் என்று அது ஒத்துக்கொண்டது. 1948இலிருந்து 2003 வரை, 55 வருடம். இன்று நம் வகுப்பில் வந்து உட்காரக் கேட்கிற ஐந்து வயதுப் பிள்ளை, உங்கள் பிள்ளையைப் போலவே, முழுக்க முழுக்க இலங்கைப் பிரஜை. இதில் பேசுவதற்கு ஒன்றுமில்லை.

ஆனால் வீடு அவர்கள் பெயரில் இல்லை. லயம் கம்பனியின் கையில். இப்போது குரூப்பில் வந்த யோசனையை வாசியுங்கள்: காணி உறுதி அல்லது வாடகை ஒப்பந்தம் இல்லாதவர்களைக் கடைசியில் பார்ப்போம். சுற்றுநிருபத்தில் வதிவிட ஆவணத்துக்கும் வாக்காளர் இடாப்புக்கும் புள்ளி இருப்பது எங்களுக்கும் தெரியும். நகரத்துப் பெரிய பாடசாலையில் பொய் விலாசம் காட்டி நுழைகிறவர்களைப் பிடிக்க வந்த ஏற்பாடு அது. அதை எடுத்து, இருநூறு வருடமாக விலாசமே கொடுக்கப்படாத ஒரு சனத்துக்கு முன்னால் வாசல் கதவாக வைப்பதற்கு யார் அனுமதி கொடுத்தது? "தோட்டத்து ஆக்கள் வேண்டாம்" என்று நேரே சொல்வதற்கு வெட்கப்பட்டு "உறுதி வேண்டும்" என்கிறோம். பெயர் எழுதாமல் வெட்டுவது. பிரிவிக் கவுன்சில் வாதம் அப்படியே கொடகவெலைக்கு வந்துவிட்டது.

இடம் போதாது என்ற கவலைக்கு வருவோம். நம் பகுதித் தமிழ் மொழிப் பாடசாலைகள் பலவற்றில் பிரச்சினை பிள்ளை கூடியது அல்ல, குறைந்தது. மேல் வகுப்பில் பிள்ளை இல்லாமல் கணித, விஞ்ஞானப் பிரிவு வைக்க முடியவில்லை, ஆசிரியர் இடமாற்றம் வந்தால் பதில் ஆள் வருவதில்லை. எண்ணிக்கை கூடினால்தான் வலயக் கல்விக் காரியாலயத்தில் வாய் திறக்க முடியும். தோட்டப் பாடசாலைகள் பல கீழ் வகுப்போடு நின்றுவிடுகின்றன, அதற்கு மேல் தமிழில் படிக்க அந்தப் பிள்ளைகளுக்கு நம் வாசல்தான் கிட்ட. பாடசாலையின் இஸ்லாமியச் சூழல் போய்விடும் என்று சிலர் எழுதியிருந்தார்கள். நம் பிள்ளைகள் சிங்களப் பாடசாலைக்குப் போகும்போது "பௌத்தச் சூழல் கெடும்" என்று ஒருவர் சொன்னால் நாம் என்ன பதில் சொல்வோமோ அதுதான் இதற்கும் பதில்.

சம்பளம் போடுகிற நாளில் நம் கடைகள் யாரால் நிறைகின்றன? கடன் கொப்பியில் யார் பெயர் அதிகம்? அந்தச் சனத்தின் காசுக்கு விலாசம் கேட்டோமா?

2019 ஏப்ரலுக்குப் பிறகு நம்மைப் பார்த்து "அரேபியாவுக்குப் போ" என்றார்கள். அந்தக் குரல் புதுக் குரல் இல்லை. "இந்தியாவுக்குப் போ" என்று மலையில் எழுபது வருடம் பழகின குரல்தான் இறங்கி வந்து நம் கடை வாசலில் நின்றது. 2020இல் நம் ஜனாஸாக்களை எரித்தார்கள். எரிப்பதா அடக்குவதா என்று ஒரு நிபுணர் குழு கூடிக் கூடிக் கதைத்தது. மாதக்கணக்காகக் காத்திருந்தோம். மையத்து நம்முடையது, மண் நம்முடையது, முடிவு மட்டும் நாம் இல்லாத அறையில். 2021இல் ஓட்டமாவடிக்குக் கொண்டுபோகலாம் என்று அனுமதி வரும் வரை நெஞ்சு எப்படி இருந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? அது ஒரு வருடக் கதை. மலையில் 55 வருடம்.

அதனால் அனுமதி விஷயத்தில் எங்கள் யோசனையை எழுதிவிடுகிறோம். தோட்டப் பிள்ளைக்குக் காணி உறுதி கேட்கக் கூடாது. கிராம உத்தியோகத்தரின் கடிதமும் தோட்ட நிர்வாகத்தின் கடிதமும் இருந்தால் போதும். பிறப்புப் பத்திரத்தில் பெயர்ப் பிழை இருந்தால் பிள்ளையைத் திருப்பி அனுப்பாமல் முதலில் சேர்த்துக்கொண்டு, திருத்துவதற்குப் பிரதேச செயலகத்துக்கு நாங்களே கூடப் போவோம். ஆசிரியர்களில் சிலர் ஏற்கெனவே பெயர் கொடுத்திருக்கிறார்கள். "தோட்டக்காட்டான்" என்ற சொல்லை வகுப்பில் எந்தப் பிள்ளை சொன்னாலும் பெற்றோரைக் கூப்பிடுவோம், அது யார் பிள்ளையாக இருந்தாலும் சரி.

சனிக்கிழமை அஸருக்குப் பிறகு பெற்றோர் கூட்டம் இருக்கிறது. மாற்றுக் கருத்து இருப்பவர்கள் குரூப்பில் இமோஜி போடாமல் வந்து எழும்பிக் கதையுங்கள், கேட்போம். மேல் டிவிசனிலிருந்து நான்கு பெற்றோருக்கும் சொல்லியிருக்கிறோம். இரண்டு பேர் அரை நாள் பேர் விட்டுவிட்டு வருகிறார்கள். அவர்கள் பிள்ளைகளைப் பற்றிய முடிவு அவர்கள் உட்கார்ந்திருக்கும்போது எடுக்கப்படட்டும். கூட்டத்தை ஐந்தரைக்குள் முடிக்க வேண்டும், அதற்குப் பிறகு அவர்களுக்கு மேலே போக பஸ் இல்லை. முச்சக்கர வண்டி வைத்திருக்கும் சகோதரர்கள் யாராவது இருந்தால் இன்றே சொல்லுங்கள்.